அரைப்பேர்: தேயிலை டின்னில் ஒரு மலையின் பெயர்

தோஹாவில் வேலை செய்யும் என் மருமகன் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த சாமான்களுக்குள் ஒரு தேயிலை டின்னும் இருந்தது. முகப்பில் வாளேந்திய சிங்கம். அதற்குக் கீழே ‘சிலோன்’ என்ற பெயர். இன்னும் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், ‘திம்புள்ள’. பக்கவாட்டில் கூடை சுமந்த ஒரு பெண் கொழுந்து கிள்ளியபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் பிறந்த நோர்வூட், தேயிலைக்காரர்கள் வகுத்து வைத்திருக்கும் அந்தத் திம்புள்ளப் பிரதேசத்துக்குள்தான் இருக்கிறது. எங்கள் ஊரின் சுற்றுவட்டாரத்து மலைகளில் கிள்ளிய கொழுந்து தொழிற்சாலையில் வாடி, உருண்டு, காய்ந்து, கொழும்பு ஏலத்துக்குப் போய், கப்பலேறி, தோஹாவில் ஒரு கடையின் தட்டில் உட்கார்ந்து, பின் விமானத்தில் ஏறி நோர்வூட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. நல்ல தேயிலை எங்கள் ஊருக்கு வருவதென்றால் இப்படிச் சுற்றித்தான் வரவேண்டும். என் வாப்பா பஸாரில் சில்லறைக்கடை வைத்திருந்த காலத்தில் நாங்கள் விற்றது தூள். தோட்டத்துச் சனங்கள் குடித்ததும் தூள். ஏலத்துக்குப் போகும் இலையின் ருசியை அதைக் கிள்ளியவர்களும் அறியவில்லை, அவர்களுக்கு அரிசியும் மாவும் விற்ற நாங்களும் அறியவில்லை.

ஓர் ஊரின் பெயரைப் பொருளின் மீது ஒட்டி, அந்த ஊரின் மண்ணையும் குளிரையும் பழமையையும் அந்தப் பொருளின் சுவையாகச் சொல்லி விற்பது இன்று உலகம் முழுவதும் நடக்கும் காரியம். வைன், பாலாடைக்கட்டி, கம்பளம், கறுவா என்று எல்லாவற்றுக்கும் ஊர்ப்பெயர் வேண்டியிருக்கிறது. இதை ஒரு புதிய வியாபார உத்தி போலச் சிலர் பேசுகிறார்கள். எங்கள் மலையில் இது நூற்றிருபது வருடத்துக்கும் மேற்பட்ட பழைய சரக்கு. அந்தப் பெயர் எப்படி உண்டாக்கப்பட்டது, அதற்குள் யார் சேர்க்கப்பட்டார்கள், யார் விடப்பட்டார்கள் என்று பார்ப்பதே இங்கு என் நோக்கம்.

1

கதை கோப்பியில் தொடங்குகிறது. 1869இல் கோப்பி இலையில் துரு போன்ற ஒரு நோய் விழுந்தது. அடுத்த பதினைந்து, இருபது வருடங்களில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். லூல்கந்துர இருக்கும் தெல்தோட்டைப் பக்கத்தில், போப்பிட்டியவில், அதற்கு ஒரு வருடம் முன்னர் 1866இல் பிறந்தவர்தான் நம் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர். இலங்கைத் தேயிலையும் மலைநாட்டு முஸ்லிம்களின் பெரும் புலவரும் ஒரே மலைச்சாரலில் ஒரே வயதுக்காரர்கள். தேயிலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் டெய்லரோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1873இல் லண்டனுக்குப் போன முதல் பொதி இருபத்துமூன்று இறாத்தல்தான். 1883 ஜூலை மாதம் கொழும்பில் முதல் பகிரங்க ஏலம் நடந்தது. 1884இல் புகையிரதம் அட்டன் வரை வந்தது. அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று உள்மலை முழுவதும் தேயிலையாயிற்று. நோர்வூட் ஒரு சந்தி. இங்கிருந்து ஒரு பாதை மஸ்கெலியாவுக்கும் மற்றது பொகவந்தலாவைக்கும் பிரிகிறது. சந்தியில் கடை வைப்பது நம்மவர்களின் பழைய வழக்கம். எங்கள் குடும்பமும் அப்படித்தான் இங்கு வந்து சேர்ந்தது.

தேயிலை விளைந்துவிட்டது. அதை விற்பதுதான் கஷ்டம். பிரித்தானியர் அதுவரை குடித்தது சீனத் தேயிலை. அவர்களுக்குத் தேயிலை என்றாலே சீனா. இலங்கை என்ற பெயருக்கும் அந்தக் கோப்பைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. ஆகவே தோட்டத்துரைமார் அந்தச் சம்பந்தத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. 1886இல் லண்டனில் நடந்த குடியேற்ற நாடுகளின் கண்காட்சியில் இலங்கைத் தேயிலை பரிமாறப்பட்டது. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்குப் போனார்கள். அதற்கான பணம், ஏற்றுமதியாகும் ஒவ்வோர் இறாத்தல் தேயிலையிலும் அறவிடப்பட்ட சிறு வரியிலிருந்து வந்தது. 1894இல் ‘முப்பதின்மர் குழு’ என்று ஒன்றை அமைத்து, அந்த வரிப்பணத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விளம்பரம் செய்தார்கள். ஒரு தனிக் கம்பனியின் பெயருக்கல்லாமல் ஒரு நாட்டின் பெயருக்கே எல்லோரும் சேர்ந்து காசு போட்டு விளம்பரம் செய்தது அக்காலத்தில் அபூர்வம். இதற்கிடையில், 1890இல் இலங்கைக்கு வந்து ஊவாப் பக்கம் தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு வருகிறது என்று சொல்லி விற்றார். வாங்குகிறவனுக்கு ஒரு தோட்டத்தைக் கண்முன் காட்ட வேண்டும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

சிக்காகோவில் இலங்கை மண்டபம் கண்டியச் செதுக்கு வேலைப்பாடுகளோடு எழுந்தது. மரம் இலங்கையிலிருந்து போனது. சிங்களப் பணியாளர்கள் தங்கள் பாரம்பரிய உடையில் தேநீர் பரிமாறினார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தேயிலையை விளைவித்தவர்கள் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த தமிழர்கள். ஆனால் தேயிலைக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது கண்டி இராச்சியத்தின் சிற்பமும் உடையும் எடுத்துக்கொள்ளப்பட்டன. கண்டியத் தச்சர்களின் கலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. அது பெரிய கலை. ஆனால் அதற்கும் தேயிலைக்கும் ஓர் உறவும் இருக்கவில்லை. ஒருவரின் உழைப்பை இன்னொருவரின் கைப்பணியால் அலங்கரித்துக் காட்டினார்கள். பிரதேச அடையாளம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படிப் பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததுதான்.

2

இன்னொரு வேடிக்கை, கை பற்றியது.

சீனத் தேயிலையைத் தோற்கடிக்க பிரித்தானிய வியாபாரிகள் சொன்ன முக்கியமான குற்றச்சாட்டு, அது கையாலும் காலாலும் உருட்டப்படுகிறது, அழுக்கு என்பது. எங்கள் தேயிலை இயந்திரத்தில் உருள்கிறது, மனிதக் கை படாதது, ஆகவே சுத்தமானது என்றார்கள். இலங்கைத் தேயிலையும் இந்தியத் தேயிலையும் இப்படித்தான் விளம்பரமாயின. கை படாத தேயிலை! விடியற்காலைப் பெரட்டிலிருந்து பொழுது சாயும் வரை, ஒரு மொட்டும் இரண்டு இலையுமாக, அட்டைக்கடியோடு ஆயிரக்கணக்கான பெண்களின் விரல்கள் கிள்ளிய கொழுந்துதான் அந்தக் கை படாத தேயிலை.

நூறு வருடம் கழித்து, ஆபிரிக்காவிலும் வேறிடங்களிலும் இயந்திரத்தால் கொழுந்து வெட்டுவது பரவியபோது, இலங்கைத் தேயிலையின் பெருமை தலைகீழானது. இப்போது டின்னில் இருப்பது ‘கையால் கிள்ளியது’ என்ற வாசகம். அதே கை, முதலில் மறைக்கப்பட்டது, பின்னர் விற்கப்பட்டது. இரண்டு தடவையும் அந்தக் கைக்குரியவரிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் படத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நோர்வூட்டிலிருந்து கொஞ்சத் தூரம் போனால் பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயம். அங்கேதான் ஜூலியா மார்கரட் கெமரன் என்ற பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இங்கிலாந்தில் டெனிஸன், டார்வின் போன்றோரைப் படமெடுத்தவர். 1875இல் இலங்கை வந்து, 1879 ஜனவரியில் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். இங்கேயும் அவர் படமெடுத்தார். இங்கிலாந்தில் எடுத்த படங்களுக்குக் கீழே பிரபுக்களின் பெயர்கள் உண்டு. இலங்கையில் அவர் எடுத்த தமிழ், சிங்களச் சனங்களின் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. இன்ன இனத்தவர், இன்ன கூட்டத்தவர் என்றுதான் அறியப்படுகிறார்கள். அந்தப் படங்கள் தேயிலை விளம்பரத்துக்காக எடுக்கப்பட்டவையல்ல. எனினும் பிற்பாடு வந்த விளம்பரப் பெண்ணும் அதே வழியில்தான் வந்தாள்: முகம் உண்டு, பெயர் இல்லை.

1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை ஏற்பட்டது. அதன் முதல் தலைமை ஆணையாளர் ஜெர்வாஸ் ஹக்ஸ்லி, 1926இல் உருவான பேரரசுச் சந்தைப்படுத்தல் சபையில் பிரசார வேலை பழகியவர். பேரரசின் பொருட்களையே வாங்குங்கள் என்று சுவரொட்டி போட்ட சபை அது. அந்தச் சுவரொட்டிகளின் பாணி தேயிலைக்கும் வந்தது: பச்சை மலை, நீல வானம், வண்ணச் சேலை, கூடை. லயத்துக் காம்பரா எந்தச் சுவரொட்டியிலும் இல்லை.

3

இனிப் பெயருக்கு வருகிறேன்.

நோர்வூட் என்பது லண்டனின் ஒரு பகுதியின் பெயர். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பாதிக்கு ஸ்கொட்லாந்துப் பெயர்கள். துரைமார் தங்கள் ஊர் ஞாபகத்தில் வைத்தவை. தொழிலாளர் அந்தப் பெயர்களைத் தங்கள் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள், அல்லது வேறு பெயரே வைத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய கங்காணியின் பெயரால், ஒரு பாறையால், ஓர் ஆற்றால், ஒரு மரத்தால் தோட்டத்துக்குத் தமிழ்ப் பெயர் வழங்கியது. அந்தப் பெயர்கள் பேச்சில் இருந்தன. வாப்பாவின் கடைக் கணக்கிலும் இருந்தன. ஏலப் பட்டியலில் அவை ஒருபோதும் ஏறவில்லை. தேயிலைப் பெட்டியின் மேல் அச்சடிக்கப்பட்ட தோட்டப் பெயர் துரையின் பெயர்தான். சந்தைக்குப் போன பிரதேச அடையாளம் ஸ்கொட்லாந்தின் ஞாபகமும் கண்டியின் சிற்பமும் சேர்ந்த கலவை. தமிழ்ப் பெயர் லயத்திலேயே தங்கிவிட்டது.

தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் உண்டு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் வேலைக்குப் போனால் செக்றோலில் அவருக்கு அன்றைய ‘பேர் போடுவார்கள்’. பேர் விழுந்தால் சம்பளம். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால், மழையிலும் கொழுந்து இல்லாத மாதத்திலும் குறையத்தான் செய்யும், அன்றைக்கு ‘அரைப்பேர்’. மாதக் கடைசியில் கடைக்கு வரும் பெண்கள், ‘நானா, இந்த மாசம் எட்டு அரைப்பேர் விழுந்திருச்சி, பாதிதான் கட்ட முடியும்’ என்று வாப்பாவிடம் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். சிறு வயதில் எனக்கு அது புரிந்ததில்லை. ஒரு மனிதரின் பெயரை எப்படிப் பாதியாக்குவார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

பெரிய மட்டத்தில் நாடும் அதைத்தான் செய்தது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்தது. அதே மதிப்பீடு நம்மையும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று பிரித்தது. இந்த இரண்டாவது பிரிவினையை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மலையகப் பஸார்களின் முஸ்லிம் குடும்பங்களில் பலவற்றின் பாட்டன் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்தவர்தான். 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியபோது, 1949இல் வந்த துணைச் சட்டத்தின் பெயரே ‘இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்’ சட்டம் என்றிருந்தது. நம் வீடுகளிலும் பத்திரம் தேடி அலைந்த வாப்பாமார் இருந்தார்கள்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் பல ஆசனங்களை வென்றது. 1952இல் வாக்காளர் இடாப்பில் அந்தச் சனங்கள் இல்லை. 1964இன் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஏலத்தில் தேயிலையை லொட் லொட்டாகப் பிரிப்பது போலத்தான்.

இந்த வரலாற்றில் நம்மவர்களின் பங்கு கடை வைத்தது மட்டுமல்ல. போர்பந்தரிலிருந்து வந்த அப்துல் அஸீஸ் இலங்கை இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்தார். பின்னர் தொண்டமானிடமிருந்து பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்தினார். ஆயுள் முழுவதும் தோட்டத் தொழிலாளருக்கே உழைத்த முஸ்லிம் தலைவர். நம் பத்திரிகைகளில் அவர் பெயர் எத்தனை தடவை வருகிறது? இன்னொரு சிறு தகவல். வெளியார் தோட்டத்துக்குள் நுழையத் தடையிருந்த 1920களில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குப் போனார். சாரல் நாடன் போன்றோர் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். புடவைப் பொட்டணி சுமந்து தோட்டம் தோட்டமாகப் போகிறவனைத் துரையும் கங்காணியும் சந்தேகிக்கவில்லை. ஏனென்றால் அது அன்றாடக் காட்சி. அந்தப் பொட்டணிக்காரர்களில் எத்தனையோ பேர் முஸ்லிம்கள். நம்மவர்களின் கால்கள் போட்டுவைத்த பாதையில்தான் மலையகத்தின் முதல் தொழிற்சங்கவாதி நடந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

4

1972இல் நாட்டின் பெயர் மாறியது. சிலோன் ஸ்ரீலங்கா ஆயிற்று. தேயிலையின் பெயர் மாறவில்லை. காலனித்துவத்தைத் துடைத்தெறிகிறோம் என்றவர்களும் அந்த ஒரு சொல்லைத் தொடவில்லை. தொட்டால் காசு போய்விடும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1976இல் இலங்கைத் தேயிலைச் சபை செயற்படத் தொடங்கியது. வாளேந்திய சிங்க இலச்சினை அதன் சொத்து. முழுக்க முழுக்க இலங்கையில் விளைந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்ட தேயிலைக்குத்தான் அது கிடைக்கும். இதில் நியாயம் உண்டு. எங்கோ மலிவாக வாங்கிய தூளைக் கலந்து ‘சிலோன்’ என்று விற்பவனைத் தடுக்க வேறு வழியில்லை. வெளிநாட்டுத் தேயிலையை இறக்கிக் கலந்து ஏற்றுமதி செய்ய அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையும் அதற்கான எதிர்ப்பும் பல வருடங்களாக நடக்கும் வழக்கு.

பின்னர் நாட்டுப் பெயருக்குக் கீழே பிரதேசப் பெயர்கள் வந்தன: நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடபுசல்லாவை, கண்டி, சப்பிரகமுவ, ருகுணு. ஏழுக்கும் ஏழு இலச்சினைகள். இது வெறும் அலங்காரமல்ல. நாலாயிரம் அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை. எங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று அடிக்கும்போது கொழுந்து மெதுவாக வளரும். அப்போதுதான் வாசனை ஏறும். மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் அதே விஷயம் ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பரில். சாயத்தை ருசித்துப் பார்த்தே எந்தப் பள்ளத்தாக்கு என்று சொல்லக்கூடியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். ஆகவே திம்புள்ள என்ற பெயரில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை காற்றோடும் மண்ணோடும் உயரத்தோடும் நின்றுவிடுகிறது. மனிதர் அதில் ஒரு மூலப்பொருளாகக்கூடச் சேர்க்கப்படவில்லை.

2003ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அந்த மாதம் பாராளுமன்றச் சட்டங்களின் வரிசையில் 35ஆம் இலக்கமாக வந்தது, இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியாரும் அதனால் பிரசைகளானார்கள். அதற்கு அடுத்த இலக்கம், 36, புலமைச் சொத்துச் சட்டம். ஒரு பொருளின் பெயரில் இருக்கும் ஊரை, அதன் புவியியல் அடையாளத்தை, பாதுகாக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சட்டங்கள். ஒன்று, மண்ணின் பெயரைப் பிறர் திருடாதபடி காத்தது. மற்றது, அந்த மண்ணில் நாலைந்து தலைமுறை உழைத்தவர்களை இந்த நாட்டவர்தான் என்று ஒப்புக்கொண்டது. ‘சிலோன்’ என்ற பெயரைப் போற்றி விற்கத் தொடங்கி நூற்றுப் பதினைந்து வருடங்களுக்குப் பிறகே அந்த ஒப்புதல் வந்தது.

இந்தப் பெயர்ச் சட்டங்களின் பூர்வீகம் பிரான்ஸ். முஸ்லிம்களாகிய நமக்கு வைன் வேண்டாம். அதன் வரலாறு வேண்டும். ஷம்பேன் பகுதியில் 1911இல் பெரும் கலவரம் நடந்தது. வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷம்பேன் என்று விற்ற வியாபாரிகளுக்கு எதிராகத் திராட்சை விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கிடங்குகள் தாக்கப்பட்டன, இராணுவம் வந்தது. அங்கே பெயரைக் கேட்டுப் போராடியவர்கள் கொடிக்குச் சொந்தக்காரர்கள், சிறு காணிக்காரர்கள். பெயர் காப்பாற்றப்பட்டால் அந்தப் பலன் அவர்கள் முற்றத்துக்கு வரும். எங்கள் மலையில் பெயரை உண்டாக்கியது துரைமார் சங்கம், காத்தது அரசு, அனுபவிப்பது கம்பனியும் ஏற்றுமதியாளரும். கொழுந்து கிள்ளுபவருக்கு அந்த மண்ணில் ஒரு பேர்ச் காணியும் இல்லை. இந்தியாவின் முதல் புவியியல் குறியீடாக 2004இல் பதிவான டார்ஜிலிங்கிலும் காணி தொழிலாளருடையதல்ல. எங்கள் நாட்டில் 2022இல் ‘சிலோன் கறுவா’ ஐரோப்பிய ஒன்றியத்தின் குறியீட்டைப் பெற்றது. கறுவாவில் சிறு காணிக்காரர்கள் அதிகம். அந்தக் குறியீட்டின் பயன் அவர்களிடம் போய்ச்சேர ஒரு வழியாவது இருக்கிறது. அதே குறியீடு தேயிலைக்கும் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. வரும்போது யாருடைய வீட்டுக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

5

2005இல், காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரைமார் பங்களாக்கள் சில, ‘சிலோன் டீ டிரெயில்ஸ்’ என்ற பெயரில் உல்லாச விடுதிகளாயின. நோர்வூட் பங்களாவும் அதில் ஒன்று. உலகத்தின் பணக்காரப் பிரயாணிகள் இப்போது நோர்வூட் என்ற பெயரை அறிவார்கள். புல்வெளி, கணப்பு, பிற்பகல் தேநீர், மலைக்காட்சி. நம் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் மரபுரிமை என்று இங்கே பாதுகாக்கப்பட்டது பங்களா. அதே காலத்தில் எழுந்த லயமும் மரபுரிமைதான். அது பாதுகாக்கப்படவில்லை, அப்படியே விட்டுவைக்கப்பட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

2017இல் சிலோன் தேயிலையின் 150ஆவது ஆண்டு கொண்டாடப்பட்டது. அந்த வருடம் மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக் கட்டடத்தைத் திறந்துவிட்டு, எங்கள் நோர்வூட் மைதானத்தில் பேசினார். உலகம் சிலோன் தேயிலையை அறியும், அதில் இருப்பது உங்கள் வியர்வை என்பதை அவ்வளவாக அறியாது என்ற கருத்தில் அவர் சொன்னபோது மைதானம் ஆரவாரித்தது. பத்தாயிரம் வீடுகளும் அறிவித்தார். அவருடைய அரசியலில் நமக்குள்ள வருத்தங்கள் வேறு. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வெளிநாட்டிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது.

2023இல் இந்தச் சனங்கள் வந்து இருநூறு வருடம் என்று, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். மூதாதையர் நடந்து, வழியில் செத்து விழுந்த பாதை அது. தேயிலையின் விழாவுக்குக் கோப்பைகள் தூக்கப்பட்டன. மனிதரின் விழாவுக்கு நடக்க வேண்டியிருந்தது. தங்களை இந்தியத் தமிழர் என்றல்ல, மலையகத் தமிழர் என்றே அழைக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. ஒரு மலையின் பெயரைத் தேயிலை வைத்துக்கொள்ளலாம், மனிதர் வைத்துக்கொள்ளக் கூடாதா? இதற்கிடையில் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவானது. 2024இல் 1,350 ஆனது. ஒவ்வொரு தடவையும் பல வருடப் போராட்டம்.

6

எங்கள் கடையைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் போகும்; அங்கிருந்து எப்போது கைக்கு வரும், வருமா என்பது நிச்சயமில்லை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்து கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆகவே பலர் எங்கள் கடையின் முகவரியைக் கொடுப்பார்கள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட அண்ணனின் கடிதம், கொழும்பில் வேலைக்கு நிற்கும் மகளின் காசுக்கட்டளை எல்லாம் வாப்பாவின் பெட்டகத்துக்கு வரும். வாப்பா பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். ‘திம்புள்ள’ என்ற முகவரி உலகச் சந்தையில் ஒவ்வொரு டின்னிலும் இருந்தது. அதைக் கிள்ளியவர்களுக்கு ஒரு கடிதம் வந்து சேர முகவரி இருக்கவில்லை.

நாங்கள் நல்லவர்களாக மட்டும் இருந்தோம் என்று சொல்ல வரவில்லை. கடனுக்குக் கொடுத்த சாமானின் விலை காசுக்குக் கொடுத்ததை விடக் கூட. சம்பள நாளில் தோட்ட வாசலில் போய் நின்று பற்று வாங்கியதும் உண்டு. தேயிலையால் வாழ்ந்தவர்களில் நாமும் அடக்கம். மலையக முஸ்லிம் எழுத்தில் இந்தக் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை. நாம் பள்ளிவாசலைப் பற்றி எழுதினோம், பஸாரைப் பற்றி எழுதினோம். பஸாருக்கு எதிரே இருந்த லயத்தைப் பற்றி எழுதுவது தமிழரின் வேலை என்று இருந்துவிட்டோம்.

வாப்பா மௌத்தான பிறகு கடை கைமாறியது. பழைய பற்றுப் புத்தகங்களில் இரண்டு என்னிடம் இருக்கின்றன. எண்ணெய் ஊறி ஓரம் கறுத்தவை. அரபுத்தமிழ் மட்டுமே முறையாகப் படித்த வாப்பா, பிற்காலத்தில் தானாகப் பழகிய தமிழெழுத்தில் எழுதியவை. செக்றோலில் இலக்கமாக இருந்தவர்கள் இதில் முழுப் பெயரோடு இருக்கிறார்கள்: இன்னாரின் மகள் இன்னார், மேல் லயம், மூன்றாம் காம்பரா. தோட்டத்தின் தமிழ்ப் பெயரும் உண்டு. சில பெயர்களுக்கு எதிரே ‘அ.பே.’ என்று எழுதி, அந்த மாதப் பற்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கிறார். அரைப்பேர் என்பதன் சுருக்கம்.

அந்தப் பெயர்களை ஒரு பிரதியாக எடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறேன். அட்டன், பண்டாரவளை, பதுளை, மாத்தளைப் பஸார்களில் கடை வைத்திருந்த குடும்பங்களிலும் இப்படிப் புத்தகங்கள் கிடக்கக்கூடும். பழைய பேப்பர்காரனுக்குப் போடுமுன் ஒரு தடவை திறந்து பார்க்கும்படி இதை வாசிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மருமகன் கொண்டுவந்த தேயிலையை ஊற்றிக் குடித்தேன். நல்ல வாசனைதான்.